நெரெய்தாவின் வீட்டுப்படி

எங்கள் தீவின் தெற்குக் கரையில், குவாயனீயா ஊரில், கடலைப் பார்த்த மேட்டில் என் வீட்டுக்கும் நெரெய்தா வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பிவேலிதான். அவளுடையது தூண்கள்மேல் நின்ற கான்கிரீட் வீடு. கீழே வண்டி நிறுத்துவார்கள், துணி காயப்போடுவார்கள். மேலே மூன்று அறை. அவள் அம்மா மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்து, வங்கிக் கடன் போட்டு வாங்கியது. ஆலையை மூடினார்கள். சில வருஷத்தில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நெரெய்தாவுக்கு மிஞ்சியது வீடு, கடன், அக்கா மிர்த்தா.

மிர்த்தா அவளைவிட மூன்று வயது பெரியவள். உடம்பு வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை. ஆறு வயதுப் பிள்ளையோடு பேசுவதுபோல்தான் பேச வேண்டும். கோபம் வந்தால் சாப்பிட மாட்டாள். சந்தோஷம் வந்தால் அடுத்தவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அம்மா இறந்தபின் அக்காவின் பொறுப்பு தங்கைக்குத்தான் என்று நீதிமன்றம் எழுதிக் கொடுத்தது.

நெரெய்தா நகராட்சியின் தண்ணீர் லாரி ஓட்டினாள். அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கும் மிர்த்தாவின் மருந்துக்கும் சரியாகப் போகும். வீட்டுக் கடனை அடைத்தது ராணுவம். பத்தொன்பது வயதில், படிப்புச் செலவுக்கு உதவும் என்று சேமப்படையில் சேர்ந்திருந்தாள். படிப்பு பாதியில் நின்றது, படை மட்டும் நிற்கவில்லை. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சீருடை மாட்டிக்கொண்டு பக்கத்து நகரமான பொன்சேவில் உள்ள முகாமுக்குப் போவாள். மற்ற நாளெல்லாம் எங்களைப்போல ஒருத்தி.

வீட்டு வாடகைக்கென்று ராணுவம் சம்பளத்தோடு தரும் வீட்டுப்படி, சனி ஞாயிறு அணிவகுப்புக்குக் கிடையாது. கோடையில் இரண்டு வாரப் பயிற்சிக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி சொற்பமாக ஏதோ கொடுப்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பயிற்சிக்கு அழைத்தால்தான் முழுப் படி. அது, சிப்பாய் குடியிருக்கும் ஊரின் வாடகை நிலவரத்தைப் பார்த்து வரும். தூங்குவது முகாமில், சாப்பிடுவது முகாமில். ஆகவே படி பத்திரமாக வங்கிக்குப் போய்விடும்.

அதனால் மற்றவர்கள் சாக்குச் சொல்லி நழுவுகிற நீண்ட பயிற்சிக்கெல்லாம் நெரெய்தாதான் முதலில் கை தூக்குவாள். டெக்சஸ், விஸ்கான்சின், வர்ஜீனியா. பனியில் லாரி ஓட்டக் கற்றாள். எங்கள் தீவில் அது எதற்கு உதவும் என்று அவளே சிரிப்பாள். அவள் இல்லாத மாதங்களில் மிர்த்தா என்னிடம் இருப்பாள். முதல் இரண்டு நாள் சோற்றைத் தொட மாட்டாள். ஒவ்வொரு முறையும் தங்கை கிளம்பும்போது ஏன் போகிறாய் என்று கேட்பாள். நெரெய்தாவும் ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"நான் போனாத்தான்க்கா வீடு நம்மகிட்ட இருக்கும்."

அவள் படைப்பிரிவில் எரிபெர்த்தோ என்று ஒருவன் உண்டு. வாய் அதிகம், மனசு நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு முற்றத்தில் நாங்கள் துவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அவன் பீர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தான்.

"உங்க சித்தி நியூயார்க்லதான இருக்காங்க? அடுத்த தடவ அந்த விலாசத்தக் குடு. இங்க வர்றதப்போல ரெண்டு மடங்குக்கு மேல வரும். நான் அங்க இருக்குற என் தங்கச்சி வீட்டுதக் குடுத்துட்டேன்."

"எங்கடா குடியிருக்கன்னு கேட்டா?"

"நியூயார்க்னு சொல்லு. யாரு வந்து எட்டிப் பாக்கப் போறா? வெறும் தாள்தானடி."

நெரெய்தா உரிப்பதை நிறுத்திவிட்டு, காயை விட்டுத் தோலைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்த மிர்த்தாவைப் பார்த்தாள்.

"இவ எங்க தூங்குறாளோ அதான் என் விலாசம். தாள்லகூட இவள அங்க தூக்கிட்டுப் போக மனசு வரலடா."

அவன் அவளைப் புனிதவதி என்று கேலி செய்துவிட்டுப் போனான். அவள் ஒன்றும் புனிதவதி இல்லை. அந்த வாரமே சித்திக்குப் போன் போட்டு, மணி அடித்ததும் வைத்துவிட்டதாக என்னிடம் பிறகு சொன்னாள். அந்த மாதம் மிர்த்தாவுக்குப் பல் வைத்தியம் வேறு.

இரண்டு வருஷம் கழித்து எரிபெர்த்தோ மாட்டிக்கொண்டான். பதவிப் பட்டையைப் பிடுங்கினார்கள், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். கொஞ்ச காலம் யார் முகத்திலும் விழிக்காமல் இருந்தான். நெரெய்தாதான் நகராட்சியில் சொல்லி, தன் லாரியிலேயே உதவிக்கு வைத்துக்கொண்டாள். அந்த விஷயத்தை அவனிடம் அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை.

2019 கடைசியில் அவள் வர்ஜீனியாவுக்குப் போனாள். அடுத்த பதவிக்கு வேண்டிய நீண்ட பயிற்சி. அதை முடித்தால் சம்பளமும் ஏறும், கடனிலும் பெரும்பகுதி தீரும். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு எங்கள் பக்கம் நிலம் லேசாக ஆடத் தொடங்கியது. முதலில் பாத்திரம் கிலுகிலுக்கும். பிறகு சுவர் முனகும். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள். அதற்கு முந்தின மாலை மிர்த்தா வழக்கம்போல, ராஜாக்கள் பரிசோடு ஏறிவரும் ஒட்டகங்களுக்கென்று ஒரு பெட்டியில் புல் பறித்து வைத்தாள். திருநாள் காலையில் பலமாக ஓர் ஆட்டம் வந்தது. இனிமேல் கூரைக்குக் கீழே படுப்பதில்லை என்று முடிவு செய்து, அவளை என் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு பந்து மைதானத்துக்குப் போனேன். ஊரில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள்.

மறுநாள் விடியுமுன் பெரியது வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வேன் குலுங்கியது, எல்லாரும் ஜெபம் சொன்னார்கள், விளக்குகள் அணைந்தன. வெயில் ஏறியபின் மேட்டுக்கு வந்து பார்த்தோம். என் வீட்டுச் சுவரில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல். நெரெய்தா வீட்டில் தூண்கள் முட்டிபோல மடிந்து, மேல்தளம் முழுசாகக் கீழே இறங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடிகூட ஒரு பக்கம் உடையவில்லை.

மிர்த்தா வெகுநேரம் பார்த்தாள். "வீடு உக்காந்துடுச்சு" என்றாள்.

பிற்பகல்வரை போன் கிடைக்கவில்லை. கிடைத்ததும் நெரெய்தா என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"அக்கா எங்க?"

"இங்கதான், என் பக்கத்துல. ரொட்டி தின்னுட்டிருக்கா."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு வீட்டைக் கேட்டாள். நான் மிர்த்தா சொன்னதையே சொன்னேன்.

அவசர விடுப்பில் வந்து சேர்ந்தாள். நாடா கட்டி, யாரும் உள்ளே போகக் கூடாது என்று காவலர் நிறுத்தியிருந்தார்கள். அவள் சீருடையோடு நின்றதால் அவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"செலேனியாக்கா, இந்த வீட்டுக்காக நான் போன ஊரு ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. எந்த முகாம்ல எந்தக் கட்டில்னு சொல்லுவேன். காலையில என் ரூம்ல வெளிச்சம் எந்தப் பக்கமா வரும்னு நெனச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது."

மிர்த்தா எந்தக் கான்கிரீட் கூரைக்கும் அடியில் வர மறுத்தாள். கடைக்குள்கூட நுழைய மாட்டாள். என் முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே கூடாரம் அடித்து மூவரும் இருந்தோம். நிலம் தினமும் ஆடியது. விடுப்பு முடிகிற நாள் நெருங்கியபோது நெரெய்தா வர்ஜீனியாவில் இருந்த தன் கேப்டனிடம் போனில் பேசினாள். பேசிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"திரும்பிப் போனா பயிற்சி முடியற வரைக்கும் படி வருமாம்."

"விழுந்த வீட்டுக்குமா குடுப்பாங்க?"

"அதையேதான் கேட்டேன். மறைக்கப் பிடிக்கல. நீ கிளம்பின அன்னிக்கு வீடு நின்னுச்சு, கணக்கு அன்னியோடதுன்னாரு. நல்ல மனுஷன்."

"அப்போ கடன்?"

"கடனுக்கு வீடு நின்னா என்ன, விழுந்தா என்ன."

போய்விட்டு வா, மிர்த்தாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் நானும் சொன்னேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவளும் சரி என்றாள். கிளம்பும் நாள் காலையில் நான் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தேன். கூடாரத்துக்குள்ளிருந்து மிர்த்தா தங்கையின் ராணுவப் பையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்தாள். பெரிய பை, வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அதற்கு முன் ஒரு முறைகூட அவள் அந்தப் பையைத் தொட்டதில்லை. தங்கையின் காலடியில் அதை வைத்தாள்.

"போ நெரே. நீ போனாத்தான வீடு எந்திரிக்கும்."

நெரெய்தா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா சாவுக்கு, வீடு விழுந்ததற்கு எல்லாம் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதாள் என்று நினைக்கிறேன். மிர்த்தா பயந்துபோய் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வேலிப் பக்கம் போய் நின்றேன்.

அன்று அவள் விமானம் ஏறவில்லை. பயிற்சியிலிருந்து விடுவிக்கும்படி கேட்டுக்கொண்டாள், விடுவித்தார்கள். அதோடு படியும் நின்றது, பதவி உயர்வும் போனது. முட்டாள்தனம் என்று எரிபெர்த்தோ முகத்துக்கு நேராகவே சொன்னான். சொன்ன மறுநாளிலிருந்து அவளோடு விடியற்காலையில் லாரி ஏறினான். மைதானங்களில் கூடாரம் போட்டிருந்த குடும்பங்களுக்கெல்லாம் அந்த மாதங்களில் தண்ணீர் கொண்டுபோனது அவர்கள் இருவரும்தான்.

வங்கி சில மாதம் பொறுத்தது. அரசு உதவி வந்தது. வாங்க நடந்த அலைச்சலுக்கும் வந்த தொகைக்கும் சம்பந்தம் இல்லை. இடையில் பெருந்தொற்று வேறு. இடிபாட்டை இயந்திரம் வந்து வாரிக்கொண்டு போனபோது நெரெய்தா வேலைக்குப் போய்விட்டாள், பார்க்க விரும்பவில்லை. மனையில் கடல் பக்கத்துத் துண்டை விற்று வங்கிக் கணக்கை முடித்தாள். சரியான விலை கிடைக்கவில்லை, ஆனால் முடிந்தது.

மிஞ்சிய இடத்தில் பலகை வீடு கட்டினாள். தூண் இல்லை, கான்கிரீட் இல்லை. தரையோடு ஒட்டி ஒரே அறை, துத்தநாகத் தகடு கூரை. எரிபெர்த்தோவும் படைப்பிரிவில் இன்னும் நான்கு பேரும் வார இறுதிகளில் வந்து ஆணி அடித்தார்கள். சுவர் எழும்ப எழும்ப மிர்த்தா தட்டித் தட்டிப் பார்த்தாள். பலகை சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. குடிபோன அன்று சோறும் துவரையும் பன்றி இறைச்சியும் ஆக்கிப் போட்டோம். சாப்பிட்டதும் மிர்த்தா உள்ளே போய்ப் படுத்து, பட்டப்பகலிலேயே தூங்கிவிட்டாள். நாங்கள் யாரும் சத்தம் போடாமல் பாத்திரம் எடுத்து வைத்தோம்.

ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்ச வருஷம் பாக்கி இருந்ததால் நெரெய்தா படையை விடவில்லை. மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறும் கோடையில் இரண்டு வாரமும் போய்வந்தாள், அவ்வளவுதான். நீண்ட பயிற்சிக்கு ஆள் கேட்கும்போது கை தூக்குவதில்லை. அவளை உதாரணம் காட்டி இளையவர்களைப் பயிற்சிக்கு அனுப்பிய மேலதிகாரிகளுக்கு முதலில் அது விளங்கவில்லை. கேட்டார்கள், வீட்டில் வேலை இருக்கிறது என்றாளாம்.

புது வீட்டில் அவளுக்குத் தூக்கம் வரவே வெகுநாள் ஆயிற்று. முகாமில் பெருங்கூட்டத்தின் குறட்டைக்கு நடுவே தூங்கிப் பழகியவள். இப்போது வருகிறது. போன வாரம் காலையில் நான் சர்க்கரை கேட்கப் போனபோது, வேலைக்கு நேரமாகியும் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பாமல் திரும்பி வந்து, சர்க்கரை இல்லாமலே காப்பி குடித்தேன்.