பாங்கொக்கில் கிடைத்த ஸ்பானர்

டோர்ட்முண்டில் என் சமையலறைச் சுவரில், தேநீர் வடிகட்டிக்குப் பக்கத்து ஆணியில், ஒரு ஸ்பானர் தொங்குகிறது. அதன் பிடியில் பச்சை டேப் சுற்றியிருக்கும். தவிலோடு வைக்க வேண்டியதை ஏன் இங்கே மாட்டியிருக்கிறாய் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பார்த்தால் சிரிப்பு வரும், அதற்காகத்தான்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஜெர்மனியில் கோப்பை கழுவினேன், பொதி சுமந்தேன், கூரை வேலை செய்தேன். சலித்ததும் ஒவ்வொன்றாக விட்டேன். விடாதது தவில் ஒன்றுதான். பஸ் ஓட்டும் நாதஸ்வரக்கார அண்ணையோடு சனி ஞாயிறுகளில் ஊர் ஊராகக் கல்யாணம் வாசிப்பேன்.

ஒருமுறை பாங்கொக்கில் அண்ணையின் தங்கை மகளுக்குக் கல்யாணம். முன்பு அந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு அவரால் போக முடியவில்லை. அப்போது அவர் அகதி முகாமில் இருந்தார், பயணப் பத்திரம் இல்லை. டெலிபோன் பெட்டிக்குள் நின்று நாதஸ்வரம் ஊதினாராம். போட்ட சில்லறை முடிந்து பாதியில் லைன் அறுந்துவிட்டதாம். “மருமகளுக்குத் தாலி கட்டேக்கை முழுசா ஊதோணும்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

விமானத்தில் தோல் வெடித்துவிடும் என்று தவிலின் தோலை இறுக்கும் நட்டுகளைத் தளர்த்தித்தான் அனுப்புவோம். விரல்களில் மாட்டும் கூடுகள் தொலைந்தால் புதிது செய்து காயவைக்க நாளாகும். அதனால் அவற்றைக் கைப்பையில் வைப்பேன். அன்றைக்கு ஸ்பானரையும் அவற்றோடு சுற்றி வைத்துவிட்டேன். விமான நிலையச் சோதனையில் இருந்தவர் ஒரு கூட்டைத் தன் விரலில் மாட்டிப் பார்த்துச் சிரித்தார், ஸ்பானரை எடுத்துக்கொண்டார். போகிற ஊரில் ஸ்பானருக்கா பஞ்சம் என்று நானும் இருந்துவிட்டேன்.

விமானம் பிந்தியதால் கல்யாணக் காலையில்தான் தவிலைத் தட்டிப் பார்த்தேன். அந்த ஊர்ப் புழுக்கத்தில் தோல் ஈரத் துவாய் போலக் கிடந்தது. மண்டபத்தில் ஒரு குறடுதான் இருந்தது.

“குறட்டாலை இறுக்கிப் பாரன்.”

“ஏலாதண்ணை, வழுக்குது.”

அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தவிலைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினேன். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. கார்கள் அசையாமல் நின்றன. மீன் பொரிக்கும் வண்டிகளுக்கு அப்பால் ஒரு மோட்டார்சைக்கிள் திருத்தும் கடை தெரிந்தது. கழற்றிய எஞ்சின் முன்னால் ஒரு பெண் குந்தியிருந்தார். மொழி தெரியாததால், தாலி கட்டுவதைக் காட்ட என் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் காட்டினேன். நான் தூக்குப் போடப் போகிறேன் என்று பதறி எழுந்துவிட்டார். பிறகு தவிலைத் தட்டிக் காட்டினேன். தொய்ந்த சத்தத்தைக் கேட்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

ஸ்பானரை என் கையில் தரவில்லை, தானே இறுக்கினார். நான் எப்போதும் வரிசையாகச் சுற்றி இறுக்குவேன். அவர் எஞ்சின் மூடியை இறுக்குவது போல, ஒன்றை இறுக்கி, எதிர்ப்பக்கத்தில் இன்னொன்றைக் கொஞ்சமாக இறுக்கினார். அப்படியொரு சீரான நாதம் என் தவிலில் அதுவரை வந்ததில்லை. நான் கைக்கடிகாரத்தைக் காட்டியதும் மோட்டார்சைக்கிளை உதைத்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் தவில். நான் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன். பஸ்களுக்கு இடையில் புகுந்து பறந்தோம்.

மண்டபத்துக்குள் நான் ஓடி நுழைந்தபோது ஐயர் தாலித்தட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

“எங்கையடா போனனி? மோட்டார்சைக்கிளுக்குக் கச்சேரியோ?”

“ஊதுங்கோ அண்ணை!”

கெட்டிமேளம் மண்டபத்தை அதிரவைத்தது. மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. ஐயர் கையைக் காட்டியும் அண்ணை நிறுத்தவில்லை. தங்கையைப் பார்த்தபடியே ஊதினார். மெக்கானிக் பெண் வாசலில் நின்று காதுகளைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தங்கை போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து இலைக்கு முன்னால் இருத்தினார்.

“ஏனண்ணை நிப்பாட்டேல்லை?” என்று சாப்பாட்டில் கேட்டேன்.

“அண்டைக்கு லைன் அறுந்த மிச்சத்தை ஊதினனான்” என்றார்.

விடைபெறும்போது அந்தப் பெண் தன் ஸ்பானரின் பிடியில் பச்சை டேப் சுற்றி என் கையில் வைத்தார். “பெட்டிக்கை போடு. இதையும் பறிகுடுக்காதை” என்றார் அண்ணை.

இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் சூட்டில் தோல் காய்ந்து இறுகிப்போகும். அங்கே இறுக்கிய ஸ்பானரால் இங்கே தளர்த்துகிறேன், ஒன்றைத் திருப்பி எதிர்ப்பக்கத்தில் இன்னொன்றாக. நாளைக்கு ஆஹெனில் கல்யாணம். சற்றுமுன் அண்ணை போன் எடுத்தார்.

“தவில் இருக்கோ எண்டு கேக்கேல்லை. மற்றது?”

“ஓம் அண்ணை, ஆணியிலை தொங்குது.”