அண்ணிக்கு நான் சொன்ன ஓய்வு

பட்டாளத்தில் இருந்த அண்ணனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அண்ணிக்குத் தூக்கமும் போய்விட்டது, சாப்பாடும் இறங்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "எஸ்டேட் வேலைக்குப் போக வேண்டாங்க அண்ணி, ஓய்வு எடுங்க" என்று டாக்டரைப் போலச் சொல்லிவிட்டேன்.

ஒரு வாரத்தில் அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஒருநாள் காலையில், காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள் எங்கள் வாசலில் நின்றார்கள்.

"ஏனுங்க படிச்சவரே, பட்டாளத்துலகூட லீவு உடறாங்க. உங்க ஊட்ல இவளை வெளிய உடமாட்டீங்களா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அண்ணி எழுந்து பழக்கூடையை எடுத்தார். நான் தடுக்கப் போனேன்.

"சும்மா குந்தியிருந்தா உங்கண்ணன் நெனப்பு நொம்பப் படுத்துது சாமி. அங்க போனா இவளுக வாயி என்னைய நெனைக்க உடாது" என்றார்.

சாயங்காலம், அந்தப் பெண்கள் செய்த கேலியை எங்களிடம் சொல்லிச் சிரித்தபடியே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அண்ணனின் கடிதம் வர மேலும் பதினைந்து நாளானது. அதுவரை தினமும் காலையில் கூடையைத் துடைத்து அவர் கையில் கொடுத்தது நான்தான்.