நான் மூடிய ஒட்டு

எட்டாவது ஃபெயில். புனேவில் வந்து இறங்கியபோது மராத்தியில் தண்ணீருக்கு ‘பாணி’ என்பதைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. இன்று விஷ்ராந்த்வாடியில் என் நர்சரி, சொந்த வீடு, இரண்டு டெம்போ. வெறும் பாறையில் சீத்தாப்பழம் காய்க்க வைத்தவன் நான். பேங்க் கைவிரித்தது, கிணறு கைவிரித்தது... நான் விரிக்கவில்லை!

அப்படிப்பட்டவன் அறுபத்தாறு வயதில் தோட்டக்கலை சர்டிஃபிகேட் கோர்ஸில் சேர்ந்தது படிக்கவா? உண்மையைச் சொல்கிறேன் — சுவரில் மாட்ட ஒரு காகிதம் வேண்டியிருந்தது.

போன சனிக்கிழமை மாங்கன்று நடும் வகுப்பு. “அங்கிள், உங்க அனுபவத்துக்கு நீங்களே நட்டுக் காட்டுங்க” என்றார் மேடம். என் மகள் வயது. காட்டினேன். குழி, எரு, கன்று... கடைசியில் இரண்டு செடியைச் சேர்த்து ஒட்டுப் போட்ட இடம் மறையும்வரை மண். காற்றுக்கு ஆடாது. என் ஸ்பெஷல்!

மேடம் குனிந்து மண்ணை விரலால் விலக்கினார். “ஒட்டை மூடக்கூடாது அங்கிள். ஈரம் தங்கி அழுகிடும். ஒரு மழைக்காலம் தாங்காது.”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பபன் முகம் வந்தது.

பபன் பதினெட்டு வருடம் என்னிடம் மாலியாக, தோட்டக்காரராக இருந்தவர். தேஹு ரோட்டில் ஒரு காலனிக்கு நாற்பது மாங்கன்று நட்டோம். “ஒட்டு வெளிய தெரியணும் சேட்” என்று அன்றே சொன்னார். “நீ எத்தனை நர்சரி வெச்சிருக்கே?” என்று கேட்டேன். நான் சொன்னபடியே மூடினார். அந்த மழையில் பாதிக்கு மேல் கறுத்துச் செத்தன. காலனிக்காரர்கள் முன்னால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மாலி தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டான்.” அன்றே வேலையை விட்டும் அனுப்பினேன். அதற்குப் பிறகு யாரும் அவரைத் தோட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி தட்டை வைத்துவிட்டு, “சர்டிஃபிகேட் வாங்கத்தானே போனீங்க? மொதல்ல அந்த மனுசன்கிட்ட மன்னிப்பு வாங்கிட்டு வாங்க” என்றாள்.

புனே கேம்ப் பகுதியில் ஒரு கட்டடத்தில் பபன் இப்போது வாட்ச்மேன். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையே சுட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

“இதுக்கா காலேஜ் போனீங்க சேட்?” என்று இந்தியில் கேட்டார். “நான் சும்மாவே சொன்னேனே!”

இருவரும் சிரித்தோம். திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். விரல்களை நீட்டிக் காட்டினார், நடுங்கின. “இனி ஒட்டுக் கத்தி பிடிக்காது. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தக் காலனில போய்ச் சொல்லுங்க. அங்க நான் இன்னும் மரத்தைக் கொன்னவன்.”

அந்தக் காலனியில் இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படிக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. உங்களுக்குத்தான் சொல்கிறேன் — கன்றுகளைக் கொன்றது பபன் இல்லை. அவர் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதுங்கள்... முழுசாக, இனிஷியலோடு!