பூட்டிய வீட்டு வாசலில் தேர்க்கோலம்

போன ஞாயிற்றுக்கிழமை என் சித்தப்பா மகன் ஒரு பூட்டோடு வந்து நின்றான். சாதாரணப் பூட்டு இல்லை... அதற்குக் கண்டக்டர் எப்படித் தனியாக லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டார் என்று தெரியவில்லை!

பையனுக்குக் காஞ்சிபுரத்தில் காலேஜ். வாலாஜாபாத்தில் ரூம் பார்த்திருக்கிறான். "பூட்டு இது போதுமாண்ணே?" என்றான்.

"அது இருக்கட்டும். எதிர்வூட்ல யாரு கீறாங்க?"

பையன் தலையைக் குனிந்துகொண்டு வெட்கப்பட்டான். அட, நான் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை சாமி!

என் கதையைச் சொன்னால்தான் அவனுக்குப் புரியும். உங்களுக்கும்தான்.

நான் பி.யூ.சி. படித்த காலத்தில் எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. அதனால் உத்திரமேரூரில் ரூம். காலையில் காலேஜுக்குக் காஞ்சிபுரம் பஸ் பிடித்தால், திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். கூட இருந்தவன் ஏழுமலை. அவனும் பஸ் போகாத ஊர்க்காரன்தான். எங்கள் சொத்து? ஒரு ஸ்டவ், ஒரு அலாரம் கடிகாரம், என் தகரப் பெட்டி. பெட்டிக்குள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே வம்சத்துக்கே அது ஒன்றுதான் சர்டிபிகேட்!

அனுப்பும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உன்னப் பத்தி ஒரு பேச்சு என் காதுல வுழுந்துச்சு... அன்னிக்கே வந்து ஏரு புடி."

வீட்டுக்காரர் வரதனும் சாவியைக் கொடுத்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "படிக்கிற பசங்கன்னு நம்பிக் குடுக்கிறேன். பொம்பள வெவகாரம்னு தெரிஞ்சுது, பொட்டி தெருவுல கெடக்கும்."

பெண்ணா? எங்களுக்கா? எதிரில் ஒரு பெண் வந்தால் ஏழுமலை பஸ் போர்டைப் படிக்க ஆரம்பித்துவிடுவான். பஸ்ஸே இல்லாவிட்டாலும்!

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு மாணவர் ரூமில் பட்டப்பகலில் திருட்டு. கொடியில் காய்ந்த லுங்கியைக்கூட விடவில்லை. விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் கூட்டத்துக்கு ஒரு பாடமே எடுத்தார். "வாசல்ல கோலம் இல்லன்னா பொம்பள இல்லாத வூடு. பொம்பள இல்லன்னா பகல்ல ஆளே இல்லாத வூடு. திருடனுக்கு இதவிட இன்னா வோணும்?"

நான் எதையும் பாடமாகவே எடுத்துக்கொள்கிறவன். முடிவு செய்துவிட்டேன் — நம் வாசலிலும் கோலம்! கோலத்தையும் பூட்டையும் சேர்த்துப் பார்க்கிற திருடன், வீட்டம்மா தண்ணீருக்குப் போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்றுதானே நினைப்பான்?

ஆனால் ஆண்பிள்ளை கோலம் போடுவதை நாலு பேர் பார்த்தால் மானம் என்ன ஆவது? தெரு எழுவதற்கு முன் எழுந்தோம். ஏழுமலை தண்ணீர் தெளிப்பான். நான் மாவு. முதல் கோலம், கோழி கிளறிய மாதிரி இருந்தது. நான் விடவில்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது வாசல் வாசலாகப் பார்த்துப் படித்தேன். நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி... அல்ஜீப்ராவுக்கு இது தேவலை.

மார்கழி வந்தது. அங்கேதான் கெட்டேன். தெருவே போட்டி போடும்போது நமக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? பெரிய தேர்க்கோலமாகப் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனோம்.

சாயங்காலம் திரும்பினால் வாசலில் கூட்டம். நடுவில் வீட்டுக்காரர். பக்கத்தில் எதிர்வீட்டுக் கன்னியம்மா.

"பாவிங்களா! கோலம் போடுற பொண்ண உள்ள வெச்சுப் பூட்டிகினு போறீங்களே, நல்லா இருப்பீங்களா? ஜன்னலாண்ட நின்னு பாத்தா உள்ள ஒரே இருட்டு. எத்தினி வாட்டி கூப்ட்டேன். வாயத் தொறக்கல. ஊமப் பொண்ணு போல கீது!"

கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே ஸ்டவ்தான் இருந்தது.

"ஆளே இல்லியா? அப்போ ஜன்னல்ல தெனிக்கும் நான் வெச்ச வாழப்பயத்த யாரு துன்னது?"

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் இல்லாத பஸ் போர்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

"எங்கியோ அனுப்பிட்டானுங்க," என்றார் வீட்டுக்காரர். "கோலம் யாரு போட்டது? அத்தச் சொல்லு. இல்லன்னா நாளைக்கே உங்கப்பனக் கூப்ட்டு வுடுறேன்."

அப்பா. ஏர். "நான்தாங்க போட்டேன்."

தெருவே சிரித்தது. கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சி நிறைய மாவு கொண்டுவந்து நீட்டினார். "போடு பாக்கலாம்."

கூட்டம் ஒதுங்கி இடம் விட்டது. உட்கார்ந்தேன். புள்ளி வைத்து, இழுத்து, வளைத்து... சிரிப்புச் சத்தம் மெல்ல அடங்கியது. தேர் எழும்பியது. சக்கரத்துக்கு வந்தேன்.

"ஐயய்யோ, அங்க வளைக்காத நைனா!" என்று கத்தினார் கன்னியம்மா. அதற்குள் வளைத்துவிட்டேன். சக்கரம் கோணிக்கொண்டது. போச்சு!

"இவன்தாங்க!" என்றார் வீட்டுக்காரரிடம். "காத்தால போட்ட தேருலயும் இதே சக்கரம் கோணிகினு கீது. பாத்துட்டு, 'எவ இவ?'ன்னு நானே திட்டுனேன். அதே கைதான்!"

நான் சரியாகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்றைக்கும் நினைத்தால் பயமாக இருக்கிறது.

"பேஜாரு புடிச்ச பசங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்காரர் நடந்தார்.

கன்னியம்மா கொட்டாங்கச்சியைத் திருப்பி வாங்கவில்லை. "நீங்க நிம்மதியாப் போய்ப் படிங்க. வூட்ட நான் பாத்துக்கிறேன். நாளைலேர்ந்து என் வாசலுக்கும் நீயே போட்டுடு. மார்கயிப் பனி எனக்கு ஆவல."

அந்த மார்கழி முழுக்க எனக்கு இரண்டு வாசல். திருடன்? எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இல்லாத பெண்ணுக்கே வாழைப்பழம் வைத்த தெருவில், வருகிற திருடனைச் சும்மா விடுவார்களா என்ன?

கதையைக் கேட்டு முடித்த பையன் தன் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எல்லாம் சரிண்ணே... எங்க ரூமுக்கு எதிர்ல வூடே இல்லியே. ரைஸ் மில்லு மதிலுதான் கீது."

"அப்போ பூட்ட மாத்தாத தம்பி," என்றேன். "ரூம மாத்து!"