கொடியில் தொங்கிய மருந்துச் சட்டை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தாயில்பட்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. பிள்ளைகளா, உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. என்றாவது உங்கள் வீட்டுக் கூரைக்கும் ஆள் தேட வேண்டியிருக்கும், அன்றைக்கு ஞாபகம் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பட்டாசு கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்க்கிறேன். மருந்து என்றால் பட்டாசுக்குள் போகும் வெடிப்பொடி. அந்த அறைக்குள் இரும்பு ஆணி ஒன்றுகூடப் போகக் கூடாது. செருப்பை வெளியே விட்டு, போனைக் கேட்டில் கொடுத்து, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்போம். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் போவதற்கு அந்தத் தகடு. ஒருநாள் இரும்பு பக்கிள் வைத்த பெல்ட்டோடு வந்த ஒருவனை நான் போட்ட சத்தத்தில், அவன் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு கறாரான ஆள் நான்.

எங்கள் வீட்டுக் கூரை சிமென்ட் சீட். தாங்கிய மரமெல்லாம் கரையான் அரித்து, சீட்டும் கீறல் விட்டுவிட்டது. மழைக்காலம் நெருங்கியதால், இரும்புக் குழாய் வைத்துப் புதுத் தகரம் போட்டுவிடலாம் என்று ஆள் தேடினேன்.

முதலில் சாத்தூரிலிருந்து ஒரு பாய் வந்து பார்த்தார். ஏணி வைத்து ஏறினார், இறங்கினார், வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அண்ணாச்சி எந்த வேலைக்குப் போறீக?"

"மருந்து அறை."

"உடுத்திப் போற துணிய எங்கன போடுவீக?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் பாய், கூரையப் பாக்க வந்தீகளா, கொடித் துணியப் பாக்க வந்தீகளா?"

அவர் சிரித்தார். "கூரைக்குக் கீள இருக்கிறதையும் பாக்கணும்ல. இங்கன வச்சு வெல்டிங் பண்ண மாட்டேன் அண்ணாச்சி. பட்டறையிலேயே ஒட்டிக் கொண்டாந்து, இங்க போல்ட்டு போட்டு முறுக்கிருவேன். ரெண்டு நாளு ஆவும். வீட்டச் சுத்தமாக் காலி பண்ணித் தரணும்."

சீசன் நேரத்தில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவு. இரண்டு நாளுக்கு நான் எங்கே போவேன்? அவர் போனதும் என் மனைவி, "பாய் சொல்றது சரியாத்தான இருக்கு" என்றாள். "இருவது வருசமா மருந்துக்குள்ளயே கெடக்கேன். எனக்கு நெருப்பப் பத்திச் சொல்லித் தர்றாராக்கும்" என்று அவள் வாயை அடைத்தேன்.

அடுத்து வந்தவர் சின்ன வயசுக் காண்ட்ராக்டர். வாசலில் நின்றே அண்ணாந்து பார்த்தார். "இங்கனயே வெல்டிங் மெசினப் போட்டா ஒரே நாளுண்ணே. காலைல ஏறுனா, சாயங்காலம் புதுக் கூரைக்குக் கீள காப்பி குடிக்கலாம்" என்றார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். வழக்கமாக வந்ததும் வேலைச் சட்டையைக் கொல்லையிலேயே கழற்றி வாளித் தண்ணீரில் முக்கிவிடுவேன். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. இருந்த ஒரு வாளியைச் சட்டைக்குச் செலவழிப்பானேன் என்று நினைத்தேன். வெளியே தூறல் வேறு. வெடிப்பொடியும் அலுமினியப் பொடியும் ஒட்டி மினுங்கிய அந்தச் சட்டையை அப்படியே உள்ளே கட்டில் பக்கத்துக் கொடியில் போட்டேன். போட்டதை மறந்தும் போனேன்.

ஞாயிறு காலை வேலை தொடங்கியது. பழைய சீட்டைக் கழற்றினார்கள். பாத்திரங்களை மட்டும் வெளியே எடுத்து வைத்தோம். சுவர் மேல் குழாயை வைத்து வெல்டிங் போட்டார்கள். பொறி சொரிந்தது. நான் வாசலில் நின்று வேலையாட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், பென்சில் பெட்டியைக் காணோம் என்று உள்ளே ஓடியதை நான் கவனிக்கவில்லை.

உஸ்ஸென்று ஒரு சத்தம். வீட்டுக்குள் வெள்ளை வெளிச்சம்.

அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். அதைப் பார்த்தால் ஓட வேண்டும் என்றுதான் கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கால் நகரவில்லை. டீ கையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. "பாப்பா உள்ள இருக்காளே!" என்று கத்திக்கொண்டு என் மனைவிதான் அரிசி களைந்த தண்ணீரோடு ஓடினாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உயிர் வந்து, நானும் பின்னால் ஓடினேன்.

உள்ளே ஒரே புகை. கொடிக் கயிறு அறுந்து தொங்கியது. சட்டை என்று ஒன்று இல்லவே இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து என் மகள் தவழ்ந்து வந்தாள்.

"அப்பா, பெட்டி கெடச்சிருச்சு!"

அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பெட்டியை எடுக்கக் குனிந்து கட்டிலுக்கு அடியில் போயிருக்கிறாள். அந்த நேரத்தில் மேலே சட்டை எரிந்து முடிந்துவிட்டது. சடை நுனியில் மட்டும் முடி கருகி நாறியது. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

காண்ட்ராக்டர் சுவரிலிருந்து இறங்கி ஓடி வந்தார். "நீங்க பட்டாசு கம்பெனின்னு சொல்லவே இல்லியேண்ணே" என்றார்.

"இந்த ஊர்ல நாய், பூனையத் தவிர எல்லாரும் பட்டாசு கம்பெனிதான். அதக்கூடக் கேக்காமத்தான் ஏறுனியா?" என்று என் மனைவி கேட்டாள். அவர் வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் அதை அவரிடம்தான் கேட்டாள். ஆனால் எனக்குத்தான் உறைத்தது. அவர் கேட்கவில்லை, சரி. நான் ஏன் சொல்லவில்லை?

பாதிக் கூரை திறந்து கிடந்தது. மேற்கே மேகம் கருத்தது. வெட்கத்தை விட்டுப் பாய்க்குப் போன் போட்டு, நடந்ததைச் சொன்னேன். "புள்ளைக்கு ஒண்ணுமில்லியே?" என்றார். "இல்ல பாய்" என்றேன். "நெசமா ஒண்ணுமில்லியே?" என்று மறுபடியும் கேட்டார். மத்தியானத்துக்குள் தார்ப்பாயோடு வந்து இறங்கிவிட்டார். 'நான் அன்னைக்கே சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. அடுத்த வாரம் நான் லீவு போட்டு வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தேன். சொன்னபடி இரண்டு நாளில், ஒரு பொறி விழாமல், கூரையை முடித்தார்.

அதனால்தான் சொல்கிறேன் பிள்ளைகளா, வேலைக்கு வருகிற ஆள் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காமல் ஏறுகிறவரை நிறுத்தி நீங்களே சொல்லுங்கள். கம்பெனியில் அடுத்தவன் பெல்ட்டைப் பார்த்த கண், சொந்த வீட்டுக் கொடியைப் பார்க்காமல் போனது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வேலை முடிந்தபின், கொடிக்குப் பின்னால் சுவரில் சட்டை அளவுக்குப் படிந்திருந்த கரியைக் காட்டி, வெள்ளையடித்து மறைத்துவிடலாமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். என் மகள் இப்போது அந்தக் கரியைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். ஆனாலும் ஒவ்வொரு சாயங்காலமும் சட்டையை வாளியில் முக்கிவிட்டு உள்ளே வந்து அந்தக் கரியைப் பார்க்கும்போது, அன்றைக்கு அவள் குனியாமல் நின்றிருந்தால் அவள் முகம் சரியாக அதன் நடுவில்தான் இருந்திருக்கும் என்ற எண்ணம் வராமல் இருந்ததில்லை.