சூளைச் சுவருக்குள் ஒரு பல்

ஏழு வயதில் எனக்கு முன்பல் விழுந்தபோது, எங்களுக்கென்று ஓட்டுக்கூரை இல்லாதது பெரிய பிரச்சினையாகிவிட்டது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். கூரை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டீச்சர் குடும்பம் இருந்தது. விழுந்த பல்லை ஓட்டில் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்கவேண்டும் என்று வகுப்பில் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் மேலே எறிந்தால் அணில் வராது, டீச்சர்தான் இறங்கி வருவார்.

அப்போதுதான் பல்கனி மூலையிலிருந்த சாக்கு கண்ணில் பட்டது.

அது மாமாவின் சாக்கு. அம்மாவின் அண்ணனான அவர் கொட்டாஞ்சேனையில் இருந்தார். வெர்மிகுலைட் என்ற கனிமத்தைக் கப்பலில் வரவழைத்து, இரத்மலானைக் கொட்டகையில் சூடாக்கிப் பொரியவைத்து விற்பது அவர் தொழில். நாற்றுத்தட்டு, கண்ணாடிப் போத்தல் அடுக்கும் பெட்டி, பேக்கரி அடுப்புச் சுவர் என்று அது போகாத இடமில்லை. அம்மாவின் கறிவேப்பிலைச் சாடிக்கென ஒரு சாக்கை எங்களிடம் போட்டிருந்தார். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் தீராத வலி. எந்நேரமும் ஒரு கராம்பை அதில் அடக்கிக்கொண்டே திரிவார். இரண்டு பேர் தூக்கும் மூட்டையைத் தனியே தூக்கும் மனுசன், பல் டொக்டரின் பெயர்ப்பலகையைக் கண்டால் வீதியைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார்.

அதற்குச் சில நாள் முன்புதான் எங்கள் குசினியில் அவர் ஒரு வேடிக்கை காட்டினார். தாச்சியை அடுப்பில் நன்றாகக் காயவைத்து, பொரியாத வெர்மிகுலைட்டில் ஒரு சிட்டிகை போட்டார். தட்டையான, மினுங்கும் பழுப்புச் செதில்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று அசைந்தது. அதைப் பார்த்து மற்றவையும் நெளிந்து, நீண்டு, பொன்னிறப் புழுக்களாக எழும்பின. நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"பயப்பிடாதை பிள்ளை, உயிர் இல்லாததுதான்," என்றார் மாமா. "ஆனா சூடு பட்டா வளரும்."

வளரும் என்ற சொல் எனக்குப் போதுமாக இருந்தது. அந்தச் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பல்லைப் புதைத்தேன். கையை எடுத்ததும் குழி தானாகவே மூடிக்கொண்டது.

இரண்டு கிழமை, காலையில் எழும்பியதும் நாக்கால் இடைவெளியைத் தடவிப் பார்ப்பதே வேலை. பல் வரவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாக்கையே காணோம்.

"மாமாக்கு ஒரு வேலைக்குச் சாக்கு ஒண்டு குறைஞ்சு போச்சாம். காலமை வந்து எடுத்துக்கொண்டு போட்டார்," என்றாள் அம்மா.

என்ன வேலை என்று கேட்டதற்கு என்னை முகம் கழுவ அனுப்பினாள். பின்னேரம் அப்பாவுக்கு அவள் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். மயானத்தில் பிணம் எரிக்கும் சூளையின் சுவர் வெடித்துவிட்டதாம். மாமாதான் வெர்மிகுலைட்டைச் சீமெந்தோடு குழைத்துப் பூசுகிறாராம்.

என் வாய்க்குள் அந்த இடைவெளி சுடுவதுபோல இருந்தது. நான் முழுசாக இங்கே இருக்க, என்னில் ஒரு துண்டு எனக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டது. ஒவ்வொருவரை எரிக்கும்போதும் அந்தச் சூட்டில் என் பல் சுவருக்குள் வளரும், எனக்கு மட்டும் வளராது. நன்றாக வளர்ந்த பிறகு மிச்ச என்னைத் தேடி வரும் என்றும் தீர்மானித்துக்கொண்டேன். சுடச்சுட எதையும் வாயில் வைக்க மறுத்தேன். தேத்தண்ணியைக்கூட ஆறவிட்டுத்தான் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் அழுது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கராம்பை ஒருமுறை கடித்துக்கொண்டார்.

"எடுத்துத் தாறன்," என்றார்.

"சுவர் பூசியாச்செல்லோ மாமா?"

"நான் பூசின சுவர்தானே பிள்ளை. உடைப்பன்."

அடுத்த ஞாயிறு என்னைப் பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போனார். அவருடைய ஒரு கன்னம் வீங்கியிருந்தது. குளவி குத்திவிட்டதாம். ஓட்டு வீட்டு முற்றத்தில் வைத்துக் கடதாசிப் பொட்டலம் ஒன்றை என் கையில் தந்தார். உள்ளே ஒரு பல், இரண்டு நீண்ட கால்களோடு.

"இது பெரிசா இருக்கு," என்றேன்.

"வளரும் எண்டு சொன்னனான் எல்லோ?" என்றார் மாமா, வாயை அதிகம் திறக்காமல்.

கண்ணை மூடிக்கொண்டு ஓட்டில் எறிந்தேன். அது உருண்டு வந்து கூரை ஓரத்து மழைநீர்ப் பீலியில் தங்கியது. சில கிழமையில் எனக்குப் புதுப்பல் முளைத்தது.

போன வருசம் மாமா போய்விட்டார். அதே சூளைதான். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்றார்கள், நான் போனேன். இரும்புக் கதவு திறந்து அவர் உள்ளே போகும்போது, அழுகைக்கு நடுவிலும் நான் பார்த்தது அந்தச் சுவரைத்தான். என் பல் இன்னும் அதற்குள்ளேதான் இருக்கிறது. மாமா தனியாகப் போகவில்லை என்று நினைத்தேன். முதல்முறையாக அந்தச் சுவர் எனக்குப் பயமாக இல்லை.

பால்பல் அப்படி நீண்ட வேர்க்கால்கள் இல்லாமல்தான் விழும் என்பது ஏழு வயதில் எனக்குத் தெரியாது. அன்று கொட்டாஞ்சேனை பஸ்ஸில் மாமாவின் தோளில் சாய்ந்திருந்தபோது, அவரிடம் எப்போதும் வரும் கராம்பு வாசனை வரவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.