எதிர்வீட்டுக்குப் போட்ட கண்ணாடி

எங்கள் வீட்டு ஜன்னலை உடைத்தது சவுக்குக் கழி. உடைத்தவர் எதிர்வீட்டுக்காரர். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கழியை மட்டும் சொன்னால் அது ஏதோ தவறிப்போய் நடந்தது போல ஆகிவிடும்.

கிளியனூர் பக்கம் அவருக்கு நிலம். என் அப்பாவும் அம்மாவும் அதில்தான் களை எடுத்தார்கள், மல்லாட்டைக் கடலை பிடுங்கினார்கள், என்னைப் படிக்க வைத்தார்கள். பிறகு அவர் ரோட்டோரத்து நிலத்தை மட்டும் பிளாட் போட்டு விற்றார். அவர் பவர் எழுதிக் கொடுத்திருந்த புரோக்கர் மூலமாக நாங்கள் ஒன்று வாங்கினோம். வாங்கினது யார் என்று, நாங்கள் வீடு கட்டக் கடக்கால் தோண்டிய அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் பத்திரம் பதிவாகிவிட்டது. எதிர் வரிசையில் அவருடைய புது வீடும் எழும்பி நின்றது.

"என் கொல்லையில கூலி செஞ்சவன் வூடும் என் வூடும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கினு நிக்கணுமாய்யா?" என்று புரோக்கரைப் பிடித்துக் கத்தினாராம். புரோக்கரே வந்து சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு கட்டும்போது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. தெருவைப் பார்த்துக் கண்ணாடி ஜன்னல். அதுவரை நாங்கள் இருந்த வீட்டில் ஜன்னல் என்றால் சுவரில் விட்ட ஓட்டை, மழை வந்தால் அதற்கு உரச்சாக்கு. புது வீட்டுக்கு இரண்டு மரக்கதவு, ஒவ்வொன்றிலும் பூப்போட்ட கண்ணாடி. வெளிச்சம் உள்ளே வரும், ஆள் வெளியே தெரியாது. கதவு தெருப்பக்கமாகத் திறக்கும். அம்மா காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத் திறந்து கொக்கி மாட்டுவாள். அப்புறம்தான் அடுப்பு.

அன்றைக்கு எனக்கு லீவு. அப்பா வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் டிராக்டரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் டிரெய்லர் நிறைய சவுக்குக் கழி, டிரெய்லரைத் தாண்டி வால் மாதிரி நீட்டிக்கொண்டு. கேட்டுக்குள் திருப்பினார். முன்பக்கம் அவர் வீட்டுக்குள் போக, வால் எங்கள் வீட்டுப் பக்கம் வீசியது. ஒரு கதவின் கண்ணாடி மொத்தமாகக் கீழே கொட்டியது. இன்னொன்று விரிசல் விட்டு நின்றது.

அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. கழுத்தை மட்டும் திருப்பினார்.

"டேய், ஜன்னல தெருவுல தொறந்து வெச்சிக்கினு என்னாடா வேடிக்கை? வண்டி வாசி போறதா இல்லியா?"

அந்த 'டேய்' அப்பாவுக்கு. அப்பா அவரைவிட வயதில் மூத்தவர். வாயில் நுரையோடு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"பரவால்லைங்க. நாங்க சாத்தி வெச்சிருக்கணும்ங்க."

"ஏங்க, ஒடைச்சது நீங்க..." என்று நான் படியிறங்கினேன். அப்பா கையைக் குறுக்கே நீட்டினார்.

"படிச்ச புள்ள பேசுது, பேசட்டும்" என்றார் அவர். "எங்கிட்ட எப்பிடிப் பேசணும்னு உங்கப்பன கேளு, சொல்லிக் குடுப்பான்."

வண்டி உள்ளே போனது. அம்மா முறத்தை எடுத்து வந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். பொறுக்கிவிட்டு, எங்கே வைத்திருந்தாளோ, ஒரு உரச்சாக்கைக் கொண்டுவந்து ஜன்னலில் கட்டினாள். 

எனக்கு அவர் கண்ணாடி வாங்கித் தர வேண்டியதில்லை. அப்பாவைப் பார்த்து 'டா' இல்லாமல் ஒரு வார்த்தை, 'தெரியாம பட்டுடுச்சிங்க' என்று சொன்னால் போதும். அது அவர் வாயிலிருந்து வராது. வராத வார்த்தைக்குப் பதிலாக அவரிடமிருந்து எதையாவது பிடுங்க வேண்டும். அவர் அதிகம் அனுபவித்தது காலை நேரத்தை. விடிந்ததும் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு, காப்பியும் பேப்பருமாக, எங்கள் வீட்டைப் பார்த்தபடி உட்காருவார். அதைப் பிடுங்குவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு வேலை விழுப்புரத்தில், ஒரு தனியார் ஆபீசில். ஆபீசுக்குப் பக்கத்துக் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. காலை வெயில் அதில் பட்டுத் திரும்பினால் ரோட்டில் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். தினமும் நானும் மூடிக்கொண்டவன்தான். அதே கண்ணாடியைக் கேட்டுக் கடைக்குப் போனேன்.

"ஆபீசுக்கா தம்பி?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்கு."

"வீட்டுக்கு எதுக்கு இது? பூக்கண்ணாடியே வாங்கிக்கினு போ."

"இல்லண்ணா, இதான் வேணும். வெளிய இருந்து பாத்தா உள்ள தெரியாதில்ல?"

"பகல்ல தெரியாது. நின்னு தல வாரிக்கலாம், அப்பிடி இருக்கும்."

தலை வாரிக்கொள்ளலாம் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். சட்டத்தின் பள்ளத்தைவிட ஒரு நூல் குறைத்து இரண்டு துண்டு வெட்டச் சொல்லி, பேப்பர் சுற்றி வாங்கினேன்.

பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார் கண்டக்டர். "பிரேக் போட்டா யாரு மேல குத்தும்னு தெரியுமா? எறங்குப்பா, ஜல்தி." ரயிலில் வந்தேன். கதவோரம் நின்று, கண்ணாடியைக் காலுக்கும் சுவருக்கும் நடுவே அணைத்துக்கொண்டேன். ஓரத்தில் பேப்பர் கிழிந்துவிட்டது. கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா அந்தக் கிழிசலில் குனிந்து தன் பொட்டைச் சரி செய்தாள்.

"கண்ணாடி எல்லாம் தூக்கிக்கினு போற, கல்யாணமா தம்பி?"

"இல்லக்கா, சண்டை."

அவள் சிரிக்கச் சிரிக்க, நான் திண்டிவனம் வரும்வரை காலை மாற்றி வைக்கவில்லை.

மாட்டுகிற வேலையை வேறு யாருக்கும் விடவில்லை. அவர் உடைத்ததை நான் மாட்ட வேண்டும். கண்ணாடியைப் பிடித்திருந்த மரப்பட்டைகளை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். பள்ளத்தில் செருகியிருந்த சில்லுகளைத் துண்டு சுற்றிய கையால் பிடுங்கினேன். ஒன்று துண்டையும் தாண்டி இறங்கியது. அம்மா மஞ்சள் எடுக்க ஓடினாள். நான் ரத்தத்தோடேயே சட்டத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். புதுக் கண்ணாடி அலுங்காமல் உட்கார்ந்தது. அம்மா பின்பக்கம் உள்ளங்கையால் தாங்க, பட்டைகளை வைத்துச் சின்ன ஆணிகளை மெதுவாகத் தட்டினேன். வேகமாகத் தட்டினால் மறுபடி விழுப்புரம் போக வேண்டும்.

வெளியே போய்ப் பார்த்த அம்மா திரும்பி வந்தாள். "இன்னாடா இது? எதிர் வூட்டு வாசல் அப்பிடியே தெரியுது. எதிர் வூட்டப் பாத்து கண்ணாடி வெச்சா, அவங்க கண்ணு கொள்ளிக் கண்ணுன்னு சொல்ற மாதிரிடா."

"சொல்லத்தாம்மா வெக்கறேன்."

மறுநாள் விடிந்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இன்னும் விற்காத மனை. அந்தக் காலி வழியாகத்தான் வெயில் எங்கள் ஜன்னலுக்கு வரும். அவர் காப்பியோடு வந்து உட்கார்ந்தார். நான் உள்ளே இருந்து கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். ஒரு வெளிச்சச் சதுரம் ரோட்டைத் தாண்டி, அவர் கேட்டில் ஏறி, தூணில் தொத்தி, மூஞ்சியில் போய் உட்கார்ந்தது. பேப்பரைத் தூக்கி மறைத்தார். பேப்பரே எரிகிற மாதிரி வெளுத்தது. நாற்காலியை நகர்த்தினார். நான் கொக்கியை மாற்றினேன். அதற்குப் பிறகு தினமும் இதுதான். வெயில் ஏற ஏற அந்தச் சதுரம் தானாகவே அவர் மூஞ்சியை விட்டு மார்புக்கு, வயிற்றுக்கு, காலுக்கு இறங்கி ரோட்டுக்கு வந்துவிடும். அதற்குள் அவர் எழுந்து உள்ளே போயிருப்பார். போகும்போது காப்பி டம்ளரை எடுக்க மறந்திருப்பார். நான் சந்தோஷமாக ரயிலுக்குப் போவேன்.

அவர் வீட்டம்மா சும்மா இருக்கவில்லை. நாக்கைத் துருத்திய திருஷ்டிப் பூசணி ஒன்று எங்களைப் பார்த்துத் தொங்கியது. தொங்கட்டும் என்று விட்டேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் முனை டீக்கடையில் நின்றிருந்தேன். அவரும் நாலைந்து பேரோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"எங்கூட்ல இப்பல்லாம் டிவியே போடறதில்லப்பா. பொழுது போனா எதிர் வூட்டு ஜன்னலே போதும். நேத்து கேப்பைக் களி. இவங்கப்பன் தரையில குந்திக்கினு வழிச்சி வழிச்சித் துன்னான். பனியன்ல அத்தாம் பெரிய ஓட்டை." என் பக்கம் திரும்பினார். "சம்பாதிக்கிறியே, உங்கப்பனுக்கு ஒரு பனியன் வாங்கிக் குட்றா."

கடை மொத்தமும் சிரித்தது. டீ மாஸ்டர்கூட.

நேற்று எங்கள் வீட்டில் கேப்பைக் களிதான்.

பொழுது சாயும்வரை காத்திருந்தேன். கொசுவுக்காக அம்மா வழக்கம்போல் ஜன்னலைச் சாத்தினாள், டியூப் லைட்டைப் போட்டாள். நான் தெருவுக்குப் போய் எதிர்வீட்டுக் கேட்டோரம் இருட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி என்ற ஒன்றே அங்கே இல்லை. புடவையை முழங்காலுக்கு ஏற்றிவிட்டு அம்மா தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா தரையில், தட்டுக்கு முன்னால். பனியன் ஓட்டை தெரிகிறது. ஓட்டை வழியாகத் தோள் எலும்பும் தெரிகிறது. உள்ளே ஓடி வந்து பார்த்தேன். உள்ளேயிருந்து அந்தக் கண்ணாடியில் என் மூஞ்சி மட்டும்தான் இருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துக்குத்தான் அது கண்ணாடி. பகலில் அவருக்கு, ராத்திரியில் எங்களுக்கு. இத்தனை நாளாக எங்களை அவருக்கு விளக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

கட்டிலில் கிடந்த போர்வையை இழுத்து ஜன்னலில் செருகினேன். நடந்ததைச் சொன்னேன். அம்மா புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

"நாளைக்கே ஒடைச்சிப் போட்டுட்டு பழைய பூக்கண்ணாடியே மாட்டிடறேன்."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அங்கருந்து பாத்தா நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"ஆளு முழுசா?"

"முழுசா."

"இங்கருந்து அவுரு தெரியமாட்டாரு?"

"தெரியமாட்டாரு."

அப்பா ஜன்னலருகே போனார். பிறகு போர்வையை உருவி என் கையில் கொடுத்தார். கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுப் பட்டனை மாட்டினார். வந்தவர்களுக்கு மட்டும் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் போட்டார். உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கி இடது கால் மேல் போட்டார். முதல் தடவை அது நிற்காமல் வழுக்கியது. கையால் பிடித்து மறுபடி ஏற்றி வைத்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அம்மா பதறினாள். "யோவ், இன்னாய்யா பண்ற? காலை எறக்கு. அவுரு பாப்பாரு."

"எவுரு?" என்றார் அப்பா, ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எனக்கு எவுரும் தெரியல. என் மூஞ்சிதான் தெரியுது."

கால் மேல் போட்ட காலை ஆட்ட ஆரம்பித்தார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பூக்கண்ணாடி வாங்கும் பேச்சு நின்றுவிட்டது. நான் ஒரு மூட்டை பனியன் வாங்கி வந்தேன். அப்பா சட்டையோடுதான் உட்கார்ந்தார்.

ஒரு நாள் காலையில் எதிர்வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் ரோட்டுக்கே வந்துவிட்டார். அப்பா வாசலில் வழக்கம்போல், துண்டு அக்குளில்.

"டேய், இன்னாடா? பொழுது போனா நாற்காலி போட்டு, கால் மேல கால் போட்டுக்கினு... யாருக்குடா காட்டற?"

அப்பா இன்னும் கொஞ்சம் குனிந்தார். குரல் அவ்வளவு பணிவு.

"எங்கூட்டுக்குள்ள இருக்கறதுங்களா? எங்களுக்குத் தெரியலைங்களே. நீங்க பாத்துக்கினு இருந்தீங்களா?"

ரோட்டில் பால் வாங்கிப் போன இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர் வாய் திறந்தது. பார்த்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்த வாய் அப்படித் திறந்து நின்றதை நான் பாதி சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் இருந்து நன்றாகப் பார்த்தேன். பகல் அல்லவா. அவருக்கு அவர் மூஞ்சிதான் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு போர்ட்டிகோ நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஆனால் பொழுது போய் எங்கள் வீட்டில் லைட் எரிந்ததும் அவர் கழுத்து தானாகத் திரும்புகிறது. எங்கள் மொட்டை மாடியில் இருட்டில் நின்று பலமுறை பார்த்துவிட்டேன். அப்பாவை அவர் இன்றுவரை 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. இனி கூப்பிடவும் வேண்டாம். கூப்பிட்டால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஈரப் பேப்பரை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய், இரண்டு கண்ணாடியையும் நானே துடைக்கிறேன். ரோட்டுப் புழுதி படிந்தால் அவருக்குச் சரியாகத் தெரியாது.